ஆஃப்செட்டை மாற்றினால் பிழை போய்விடுமா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பட்டறை வைத்திருப்பவர்களும், சிஎன்சி ஓட்டும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சிஎன்சி ஆப்பரேட்டர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ரிஜெக்ட் ஆன பீஸுக்காகச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். "அளவு ஏன் தப்பியது என்று பார்த்தார்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார். ஆஃப்செட்ட மாத்திட்டு ஓட்டச் சொல்லிட்டாங்க" என்றார்.

இந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். இரும்பு வேலையில் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆஃப்செட் என்பது முழுக்க முழுக்கக் கணக்கு. ஆறாம் வகுப்பில் நாம் போடும் எண்கோடுதான் அது.

இயந்திரத்துக்கு ஒரு பூஜ்யம் உண்டு. ஹோமிங் செய்யும்போது அது அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. நாம் கடையும் ஜாபுக்கு வேறொரு பூஜ்யம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஜி54 முதல் ஜி59 வரையிலான ஆறு இடங்களில் ஒன்றில் எழுதிவைக்கிறோம். டூலின் நீளம் தனிக் கணக்கு. தேய்மானம் தனிக் கணக்கு. இவை போதாதென்று ஜி92 என்று ஒரு தற்காலிக நகர்த்தல். யாரோ போட்டுவிட்டு மறந்த ஜி92, சில மென்பொருளில் மின்சாரத்தை அணைத்தாலும் அழிவதில்லை. மறுநாள் வருகிறவர் ஜி54-ஐப் பார்க்கிறார், எண் சரியாக இருக்கிறது. ஆனால் ஜாப் தள்ளிப் போகிறது.

இத்தனை எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடித்தான் டூல் எங்கே நிற்கும் என்று முடிவாகிறது. எந்த எண்ணில் பிழை என்று பார்க்காமல், கைக்குக் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை மாற்றி அளவைக் கொண்டுவருவது என்ன? மாணவன் வழிமுறையில் செய்த தப்பைப் பார்க்காமல், விடையை மட்டும் ஆசிரியரே அழித்து எழுதி மதிப்பெண் போடுவது போலத்தான். அடுத்த கணக்கிலும் அந்தத் தப்பு வரும்.

பிழைக்கும் கையெழுத்து உண்டு, ஐயா. விடைத்தாள் திருத்துகிறவனுக்கு அது தெரியும். பத்து பீஸ் அளந்து வரிசையாக எழுதிப் பாருங்கள்.

எல்லாப் பீஸிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால், ஜி54, டூல் நீளம், மறந்துபோன ஜி92 என்று தேடுங்கள். இங்கே மட்டும்தான் ஆஃப்செட் குற்றவாளி.

பீஸுக்குப் பீஸ் கூடிக்கொண்டே போனால், இன்செர்ட் தேய்கிறது, அல்லது கப்ளிங் நழுவுகிறது. ஸ்டெப்பர் மோட்டார் வைத்த சிறு இயந்திரம் என்றால் ஸ்டெப் தவறுகிறது.

நீளம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்ற அமைப்பில் பிழை.

ஒரு பக்கமிருந்து வந்தால் சரி, மறுபக்கமிருந்து வந்தால் தப்பு என்றால் அது பேக்லாஷ்.

ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும் இயந்திரத்தில், ஹோமிங் செய்த பிறகு சரியாக 10 மி.மீ. தள்ளி நின்றால், ஹோம் சுவிட்சோ அதைத் தட்டும் கட்டையோ இடம் மாறியிருக்கிறது. இயந்திரம் ஒரு சுற்று தள்ளிப் பூஜ்யம் பிடித்துவிட்டது.

காலையில் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு என்றால் அது சூடு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். அரை மீட்டர் ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறினால் 0.06 மி.மீ. வளர்ந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் ஓடும் இயந்திரத்துக்கு ஆப்பரேட்டர் என்ன செய்வார்?

இந்த ஆறில் ஒன்றுதான் ஆஃப்செட். மற்ற ஐந்தையும் ஆஃப்செட்டால் மூடினால், நோய் இருக்கக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போட்ட கதைதான்.

"பசங்க கவனமில்லாம தப்பா அடிக்கிறாங்க" என்பார்கள் முதலாளிகள். அதுவும் நடக்கும், மறுக்கவில்லை. ஓர் உதாரணம்: லேத்தில் எக்ஸ் அச்சின் தேய்மானக் கணக்கில் -0.120 இருக்கிறது. விட்டம் இன்னும் 0.030 குறைய வேண்டும். -0.150 ஆக வேண்டும். பல கன்ட்ரோலர்களில் 'இன்புட்' என்று ஒரு பட்டன், 'பிளஸ் இன்புட்' என்று இன்னொன்று. முதலாவது பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதும். இரண்டாவது பழையதோடு கூட்டும். -0.030 என்று அடித்துவிட்டு முதல் பட்டனைத் தட்டினால், அடுத்த பீஸ் 0.120 பெரிதாக வரும். இது கவனக்குறைவா? குறை எண்களைக் கூட்டுவதும் மாற்றி எழுதுவதும் வேறு வேறு என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா? 'இந்தப் பட்டனை அமுக்கு' என்று மட்டும் பழக்கிவிட்டு, 'ஏன் யோசிக்கவில்லை' என்று கேட்பது என்ன நியாயம்?

டெலிவரி நெருக்கடி எனக்கும் தெரியும். ஜாப் வொர்க் கொடுத்தவன் ரிஜெக்ட்டை முதலாளி தலையில்தான் கட்டுவான். அதனால்தான் சொல்கிறேன்: காரணம் தேட ஒதுக்கும் அரை மணி நேரம், மறுபடி மறுபடி வீணாகும் பொருளை விட மலிவு.

சம்பளத்தில் பிடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ வந்த நட்டத்துக்கு மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. காரணமே தேடாதவர், தவறு யாருடையது என்று எப்படி முடிவு செய்தார்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆஃப்செட்டை மாற்றும் முன் பழைய எண், புதிய எண், நேரம், காரணம், கையெழுத்து. முதலாளி மாற்றினாலும் எழுத வேண்டும். காரணம் என்ற இடம் காலியாக இருந்தால் எண்ணைத் தொடக்கூடாது.

பிள்ளைகளே, பட்டறையில் நோட்டு வைக்கவில்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கி எழுதுங்கள். நாளைக்கு உங்கள் சம்பளத்தில் கை வைத்தால், உங்கள் பக்கம் பேச அந்த எண்கள் இருக்கும்.