சிப்பி மேடுகள் சொல்லும் செய்தி



சீன நாட்டிலும் எகிப்தைப் போன்றே பிரமிடுகள் உண்டாமே, அவற்றின் மருமத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதலாகாதா என்று நம் சங்கத்து இளைஞர் சிலர் கேட்டனர். நல்ல கேள்வியே. அதற்கு விடை கூறுவதோடு, மனிதர் குவித்த பழைய மேடுகள் நாம் வாழும் இத்தீவுகளிலேயே இருப்பதையும் இத்திங்கள் கூற விரும்புகின்றோம்.

1947ஆம் ஆண்டில், சீனாவின் சியான் நகரத்திற்குத் தெற்கே ஆயிரம் அடி உயரமுள்ள பிரமிடு ஒன்றை வானூர்தியிலிருந்து கண்டதாக அமெரிக்கர் ஒருவர் கூற, அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அதனை வெளியிட்டன. அன்று பரவிய கதை இன்றளவும் வளர்கின்றது. வேற்றுலகத்தார் வந்து கட்டினர் என்பாரும் உளர். உண்மை அதனினும் எளியது. சியானைச் சுற்றி நிற்பவை சீனப் பேரரசர்களின் கல்லறை மேடுகள். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, இடித்து இறுக்கி, நாற்புறமும் சரிவாக எழுப்பப்பட்டவை.

அவற்றுள் தலையாயது, கி.மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் என்னும் முதற் பேரரசனின் மேடு. 1974இல் உழவர் சிலர் அதன் அருகே கிணறு தோண்டியபோது, சுடுமண்ணாலான போர்வீரர் உருவங்கள் வெளிப்பட்டன. அவை ஆயிரக்கணக்கில் உள்ளன என்பது பின்னர்த் தெரிந்தது. கல்லறையினுள் பாதரசத்தை ஆறுகளாக ஓடவிட்டனர் என்று சீமா சியென் என்னும் சீன வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரசம் மிகுதியாகவே காணப்பட்டது. எனினும், உள்ளறையை இன்றுவரை எவரும் திறக்கவில்லை. வீரர் உருவங்கள் மீதிருந்த வண்ணம் வெளிக்காற்றுப் பட்டவுடன் உரிந்து போனதைக் கண்டவர்கள், காக்கும் வழி தெரியும்வரை பொறுத்திருப்பதே அறிவு எனக் கொண்டனர்.

நிற்க. நம் தீவுகளுக்கு வருவோம்.

அந்தமானின் கரையோரங்களில், காட்டு மரங்கள் மூடிய சிறு குன்றுகள் ஆங்காங்கே உண்டு. மேல்மண்ணை விலக்கினால் உள்ளே சிப்பியும் சங்கும் கிளிஞ்சலும் நிறைந்திருக்கும். சில 15 அடியும் அதற்கு மேலும் உயர்ந்தவை. இவை இயற்கை குவித்தவை அல்ல. இத்தீவுகளின் முதற்குடிகளாகிய அந்தமானியர் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் தங்கி, உண்டு எறிந்த ஓடுகளும் எலும்புகளும் சேர்ந்து வளர்ந்த அடுக்களைக் குப்பை மேடுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் 1870இலேயே இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். 1950களில் இத்தாலிய அறிஞர் சிப்ரியானி சில மேடுகளை அகழ்ந்தார். மிக ஆழத்து அடுக்குகளில் பன்றி எலும்பும் இல்லை, மட்கலமும் இல்லை. மேலே வர வர அவை தோன்றுகின்றன என்று அவர் கண்டார். காட்டுப் பன்றியும் குயவுத் தொழிலும் ஒரு காலத்தில் புதியனவாய் இத்தீவுகளுக்கு வந்தவை என்னும் கருத்து அதிலிருந்தே எழுந்தது.

பின்னர், சரீன் கூப்பர் என்னும் பெண் அறிஞர் தென் அந்தமானில் உள்ள சௌல்தாரியின் சிப்பி மேட்டை முறையாக அகழ்ந்தார். கரிமச் சோதனை அதன் வயதை ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் எனக் காட்டிற்று. உயிருள்ள பொருளில் இருக்கும் ஒருவகைக் கரிமம், அவ்வுயிர் நீங்கியபின் ஏறக்குறைய 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிப்பதே அச்சோதனை.

நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சீனப் பேரரசனுக்கு மண்மேடு எழுந்த காலத்தை ஒட்டியே, சௌல்தாரியில் இம்மேடும் வளர்ந்துள்ளது. ஒன்று, ஒரு மன்னனின் ஆணைக்கு அஞ்சிப் பெருந்திரளான மக்கள் சுமந்து கொட்டியது. மற்றொன்று, எவர் ஆணையும் இன்றி, தாயும் தந்தையும் மக்களும் கூடி உண்ட உணவால் எழுந்தது.

இங்கும் ஒரு புதிர் உண்டு. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தார் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓங்கேயர், பெரிய அந்தமானியர் ஆகியோரின் தாய்வழி மரபு பல பதினாயிரம் ஆண்டுத் தொன்மை உடையது என்று அவ்வாய்வு கூறிற்று. மேடுகளோ 2,200 ஆண்டுகளையே காட்டுகின்றன. இடைப்பட்ட காலத்தின் தடயங்கள் எங்கே? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல் இன்றைய மட்டத்தினும் 400 அடி தாழ்ந்திருந்தது. கரையோரம் வாழ்ந்தோரின் பழைய இருப்பிடங்கள் பின்னர் நீருள் மறைந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றதைக் கண்ட நமக்கு இது விளங்காததன்று.

இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில், தாயகத்து இரயில்களுக்கு இடம் பதிந்து தருவது நம் தொழில். சாளரத்தின் முன் வருவோரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் இராமநாதபுரம் என்பர், திருநெல்வேலி என்பர். வேரை மறவாமை நல்லதே. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் குறிக்கப்படுவதும் நமக்குப் பெருமையே. ஆயினும் இங்குள்ள ஒவ்வொரு பழைய மேட்டையும் சோழர் விட்டுச் சென்றது என்று பிள்ளைகளுக்குக் கூறுவது முறையன்று. சிப்பி மேடுகள் பிறருடையவை. அவர்கள் மறைந்து போன மாய மனிதரும் அல்லர்.

1858இல் இங்குக் கைதிகள் குடியேற்றம் நிறுவப்பட்டபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரவர் இருந்தனர். 1877இல் தட்டம்மை கொள்ளைநோயாய்ப் பரவிற்று. வேறு நோய்களும் தொடர்ந்தன. 1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் எஞ்சியோர் 19 பேர். பின்னர் அவர்கள் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். தொகையும் சிறிது பெருகிற்று. நம் வீடும் தோட்டமும் அமைந்த நிலத்தில் ஒருவேளை அவர்தம் முன்னோரின் அடுப்பு எரிந்திருக்கலாம்.

ஆகவே நம் குடும்பத்தார்க்குச் சில வேண்டுகோள்கள். மனைக்கு மண் வெட்டும்போதோ தென்னங்குழி தோண்டும்போதோ சிப்பி அடுக்கும் பானை ஓடும் தென்பட்டால், வேலையை நிறுத்தி ஊராட்சியாரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ தெரிவியுங்கள். அழகிய ஓடு என்று ஒன்றை எடுத்து வீட்டில் வைத்தால், அது கிடந்த அடுக்கு குலைந்துவிடும். அடுக்கு குலைந்தபின் எந்த அறிஞராலும் காலத்தைக் கூற இயலாது. மேடு காணும் ஆவலால் பழங்குடியினரின் காப்புக் காடுகளுள் புகவும் வேண்டா. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. அவர்களை நோயினின்று காப்பதும் நம் கடனாகும்.

பிள்ளைகள் சீனத்துப் பிரமிடுகளைப் பற்றிப் படிக்கட்டும். அதனோடு, இம்மண்ணில் நமக்கு முன் உண்டு வாழ்ந்தவர் யார் என்பதையும் பெற்றோர் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிற்பட்டு வந்து குடியேறிய நாம், முன்னிருந்தவர்க்குச் செலுத்தக்கூடிய சிறு மரியாதை அது.