மூடாத டப்பா

டிசைனர்னா மவுஸைப் பிடிச்சு கலர் மாத்துற ஆளுன்னுதான் ஊரே நினைக்குது. நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த ஸ்வீட் பாக்ஸ் வர்ற வரைக்கும்.

திரையில மூடி அம்சமா பொருந்துச்சு. அச்சாகி வந்த 2000 டப்பாவுல ஒண்ணுகூட மூடல! மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் ஒரே அளவு போட்டிருக்கேன். அட்டைக்குத் தடிமன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. (தீபாவளிக்கு நாலே நாள். கடைக்காரர் முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.) அந்த மாசச் சம்பளம் அம்பேல்.

இப்பல்லாம் முதல்ல கத்தரிக்கோல், பழைய காலண்டர் அட்டை, பசை. அசிங்கமா ஒரு டம்மி செஞ்சு, உள்ளே அரைக்கிலோ அல்வாவை வச்சு ஆட்டிப் பார்த்துட்டுதான் கம்ப்யூட்டர் பக்கமே போறது. பை இல்லாத வேக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரி செஞ்சவர். ஆரம்பிச்சது அட்டையிலயும் டேப்புலயும்தான்!

"சாஃப்ட்வேர்லயே எல்லாம் தெரிஞ்சுடும் சார்"னான் புதுசா சேர்ந்த பையன். மேஜையில வச்சிருக்கற அந்தப் பழைய டப்பாவைக் கொடுத்து, மூடுடா பார்ப்போம்னேன்.