வேதநாயகர் விட்டுச்சென்றது

நம் வகுப்பறைகளில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) ஒரு மதிப்பெண் வினாவுக்குரிய விடையாகச் சுருங்கிவிட்டார். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்பதோடு மாணவர் நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு கிறித்தவ வாழ்வு பின்வருவோர்க்கு எதை விட்டுச்செல்லும் என்ற வினாவுக்கும் அவரே விடை என்பது என் கருத்து.

அவர் கத்தோலிக்கர், இறுதிவரை அந்நம்பிக்கையில் நின்றவர். தேவமாதா மீது அந்தாதி பாடிய அதே கை, 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களையும் எழுதியது. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்றவர், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் பாடியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைத் தந்த சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ அவர்மீது ஒரு கோவையே இயற்றினார்.

தம் சமயத்தாரைப் போற்றுவது யார்க்கும் இயல்பு. பிற சமயத்தார் தம் பாட்டில் ஒருவருக்கு இடம் தருவதுதான் அரிது. நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டு அவர் அந்த இடத்தைப் பெறவில்லை. அதனைக் கஞ்சியாகவும் பாட்டாகவும் மாற்றிப் பெற்றார்.

கச்சேரி மேடைகளில் அவர் கீர்த்தனைகளைக் கேட்டுத் தலையசைப்போர், இயற்றியவரின் சமயம் எதுவென்று வினவுவதில்லை. புலவர்களைச் சமயவாரியாகப் பங்கிட முனைவோர் அந்தத் தலையசைப்பைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.