‘இது போதும்’ என்று சொல்லாதீர்கள்!

எங்கள் வீடு பெண்ணாடம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு போனால் சுவரில் மாட்டிய காலண்டரே ஆடும். தொட்டிலில் தூங்கும் என் மகள் மட்டும் அசைய மாட்டாள். "எம் பொண்ணு எவ்வளவு சமத்து பாருங்க!" என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். காது கேட்காததால்தான் அந்தச் சமத்து என்று தெரிய மூன்று வருடம் ஆயிற்று. இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது, "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் மாமியார். அதை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அழுது தீர்த்தேன். பிறகு அஞ்சறைப்பெட்டி முதல் அரிசிப்பானை வரை எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். காது மெஷினும் உதட்டசைவும் துணையிருக்க, மிளகு சீரகத்தில்தான் அவள் தமிழ் கற்றாள். பத்தாம் வகுப்பும் தேறினாள்.

அதன்பின் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். "பொம்மைக்கு வர்ணம் அடிக்க அனுப்பு. உட்கார்ந்த இடத்துல வேலை. காது கேக்காத பிள்ளைக்கு இது போதும்" என்றனர் உறவினர்கள். நானும் தலையாட்டினேன். அவளோ, செராமிக் டிப்ளமோ படிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். முடியாது என்றேன்.

அது 2022. அந்த மே மாதம்தான், பிரேசிலில் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்கில் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் 3 தங்கம் வென்றிருந்தார். மகள் அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி, கீழே எழுதியிருந்தாள்: "இவங்களுக்கு யாரும் போதும்னு சொல்லல."

ஊர் சொன்னதைவிட நான் சொன்னதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. டிப்ளமோவில் சேர்த்தோம். உதட்டசைவு புரியாத நேரங்களில் தோழிகளின் நோட்டு கைகொடுத்தது. படித்து முடித்தாள்.

இன்று ஃபியூஸ் கட்டை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே சுட்டெடுத்ததைத் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் நல்லது. ஓசை மழுங்கினால் விரிசல். "சத்தமே கேக்காத பொண்ணுக்கு இந்த வேலை எப்படி?" என்று முதலாளி தயங்கினாராம். இவள் கலர் மையைத் தடவி, துணியால் துடைத்துக் காட்டியிருக்கிறாள். விரிசல் இருந்த இடத்தில் மை கோடாக நின்றதாம். தட்டிப் பார்த்தபோது தப்பிய விரிசலும் அதில் அகப்பட்டதாம். இப்போது சரிபார்ப்பது அவள் பொறுப்பு!

சகோதரிகளே, குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால், ‘லேட்டாப் பேசும்’ என்று என்னைப்போல் காத்திருக்காதீர்கள். பிறந்த சில நாளிலேயே கருவி வைத்துச் செவித்திறனைப் பார்த்துவிடலாம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையும் உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார்.

இன்னொன்று. ‘ஊமைப் பொண்ணு, பாவம்’ என்று பரிதாபப்பட்டு அவர்கள் வாழ்க்கைக்கு நாம் கோடு போட வேண்டாம். ‘இது போதும்’ என்று முடிவு கட்டும் முன், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெற்ற தாயான நானே கேட்க மறந்தேனே!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெண்ணாடம்.