சிறுநீரைச் சாட்சியாக்கும் அமெரிக்க நீதி!

கஞ்சா மயக்கத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிறோம் என்கிறது அமெரிக்கப் போலீஸ். பிடித்தவரிடம் பல ராஜ்யங்களில் கேட்டு வந்தது என்ன? ஒரு குப்பி சிறுநீர்!

அந்தச் சிறுநீர் எதைச் சொல்லும்? மயக்கம் தருவது டி.எச்.சி. என்னும் பொருள். அதைக் கல்லீரல் சிதைத்த பின் மிஞ்சும் கழிவே சிறுநீரில் தென்படுகிறது. அந்தக் கழிவுக்கு மயக்கும் சக்தி கிடையாது. வழக்கமாகப் புகைப்பவரிடம் அது வாரக் கணக்கில் நீடிக்கும். வண்டி ஓட்டிய வேளையில் புத்தி தெளிவாக இருந்ததா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை!

ஆயினும் நெவாடா சட்டம் என்ன சொல்லிற்று? ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 15 நானோகிராம் கழிவு இருந்தால் போதும், குற்றவாளி! பணக்காரன் வக்கீலையும் நிபுணரையும் அமர்த்திக்கொள்வான். கூலிக்கு வண்டி ஓட்டும் தொழிலாளி? லைசென்ஸ் போனால் அவன் அடுப்பில் பூனை தூங்கும்!

மயக்கம் தராத கழிவை மட்டும் வைத்துத் தண்டிக்கலாகாது என்று 2014-ல் அரிஸோனா உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2017-ல் நெவாடாவும் கஞ்சாவுக்கான சிறுநீர் அளவைக் கைவிட்டது. அதற்குள் பிழைப்பை இழந்தவர்களுக்கு ஈடு செய்வது யார்?

மயக்கத்தில் ஓட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. சாலையில் அடிபட்டுச் சாவதும் உழைப்பாளி மக்களே. ஓட்டியவரின் நடையையும் பேச்சையும் வண்டி ஓட்டிய விதத்தையும் விசாரி! போன வாரத்துக் கழிவைக் கூண்டில் ஏற்றி இன்றைய தொழிலாளியைத் தண்டிக்காதே!