பக்தி முத்தினால் அடிப்படைவாதமா?

ஐந்து வேளையும் தொழுகிறவரா? அடிப்படைவாதி. நெற்றி நிறைய விபூதியா? அவரும்தான். வாட்ஸ்அப் குரூப்களில் இந்தப் பட்டம் இப்போது ரொம்ப மலிவு. ஆனால் அந்தச் சொல் பிறந்த கதையைப் பார்த்தால், பக்தியின் அளவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கதை தொடங்குவது அமெரிக்காவில். 1910 முதல் 1915 வரை ‘தி ஃபண்டமென்டல்ஸ்’ என்ற தலைப்பில் 12 தொகுதிகள் வெளிவந்தன. செலவு முழுக்க கலிஃபோர்னியா எண்ணெய் அதிபர் லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் சகோதரரும். போதகர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார்கள். பைபிளில் பிழை கிடையாது, இயேசு கன்னியிடம் பிறந்தார் என்பதெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைகள் என்பது வாதம். 1920இல் கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இவற்றுக்காகப் போராடத் தயாரானவர்களை ‘ஃபண்டமென்டலிஸ்ட்’ என்றார். திட்டு இல்லை, பெருமையாக வைத்த பெயர். எதிரியும் வேற்று மதத்தவர் இல்லை. அதே சபையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, பைபிளைக் கொஞ்சம் வேறு மாதிரி வாசித்த கிறிஸ்தவர்கள்தான்.

இதுவரை என்ன தப்பு? நம்புவதைச் சொந்தக் காசில் அச்சடித்துக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. அந்தத் தொகுதிகளில் எழுதிய ஜேம்ஸ் ஓர் என்ற இறையியலாளர் பரிணாமக் கொள்கையை முழுசாக ஒதுக்கக்கூட இல்லை.

சிக்கல் சட்டத்தில் வந்தது. 1925இல் டென்னசி மாநிலம் பட்லர் சட்டம் போட்டது: மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் சொல்லித்தரக் கூடாது. டேட்டன் ஊர் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மேல் வழக்கு, 100 டாலர் அபராதம். இதில் வேடிக்கை, பரிணாமம் இருந்த அந்த உயிரியல் புத்தகத்தைப் பள்ளிகளுக்கு அங்கீகரித்ததே அதே மாநில அரசுதான்! 1927இல் அபராதம் ரத்தானது. காரணம் கருத்துரிமை இல்லை. ஜூரி முடிவு செய்ய வேண்டிய தொகையை நீதிபதி விதித்துவிட்டாராம். சட்டம் 1967 வரை அப்படியே கிடந்தது. 42 வருஷம் அந்த வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீட்டில் என்ன நம்பிக்கை என்று யாரும் கேட்கவில்லை.

கோடு அங்கேதான் இருக்கிறது. தனக்கு வைத்துக்கொள்ளும் விரதம் பக்தி. அதையே ஊருக்கெல்லாம் சட்டமாக்கக் கிளம்புவதுதான் அடிப்படைவாதம். எந்த மதமானாலும் சரி.

பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவிலும் இதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1968இல் ஜெயித்தவர் சூசன் எப்பர்சன் என்ற உயிரியல் ஆசிரியை. அவரும் கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர்தான்.