எழுந்தோம், அமர்ந்தோம், முழந்தாளிட்டோம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நமது பள்ளியில் முதல் பாடவேளை கிடையாது. கத்தோலிக்க மாணவியர் வரிசையாக ஆலயத்திற்குச் செல்வோம். ஏனையோர் நன்னெறி வகுப்பில் அமர்ந்திருப்பர். கணக்குப் பாடம் ஒன்று குறைகிறதே என்ற மகிழ்ச்சி எங்களுக்கும் உண்டு என்பதை மறைப்பானேன்?

சென்ற ஆண்டு பள்ளியின் பாதுகாவலர் திருநாளன்று எல்லா மாணவியரும் திருப்பலிக்கு வந்திருந்தனர். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள், எங்கள் நடுவே அமர்ந்திருந்தாள். நாங்கள் எழுந்தபோது எழுந்தாள், அமர்ந்தபோது அமர்ந்தாள். முழந்தாளிட்டபோது மட்டும் தயங்கி, கைகூப்பியபடி இருந்தாள். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏன் இப்படி எழுந்து எழுந்து உட்காருகிறீர்கள்? எப்போது எழ வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?"

நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். பிறந்த முப்பது நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மூன்றாம் வகுப்பிலேயே புதுநன்மை வாங்கியவர்கள். எங்கள் விடை இதுதான்: "எல்லாரும் எழுவார்கள், நாங்களும் எழுவோம்." அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பன்று, ஆயினும் எங்களுக்குச் சுருக்கென்றது. "அவள் கோயிலில் பிரகாரம் சுற்றுகிறாளே, அதற்குக் காரணம் கேட்டால் அவளுக்கு மட்டும் தெரியுமா?" என்று ஒருத்தி பின்னர் முணுமுணுத்தாள். இருக்கலாம். அவளுக்குத் தெரியாதது நமக்கு விடையாகிவிடுமா?

ஞானோபதேச வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டோம். சிஸ்டர் விடை சொல்லவில்லை. "பத்து ஆண்டுகளாக எழுந்து அமர்ந்தவர்கள் நீங்கள்தானே? நீங்களே கண்டுபிடித்து வாருங்கள்" என்று இரண்டு வாரத் தவணை கொடுத்தார். நூலகம், பங்குத் தந்தை, பாட்டிமார் என்று அலைந்தோம். அந்த அலைச்சலில் தோன்றிய எண்ணங்களே இக்கட்டுரை.

நற்செய்திக்கு நாம் நிற்கிறோம். வீட்டிற்குப் பெரியவர் வந்தால் திண்ணையில் இருப்பவர் எழுவதைப் போன்றது இது. பேசவிருப்பவர் கிறிஸ்து என்பதால் எழுகிறோம். மற்ற வாசகங்களுக்கும் மறையுரைக்கும் அமர்கிறோம். ஆசிரியரின் காலடியில் அமர்ந்து கேட்பது சீடர்க்கு வழக்கம். இவ்வளவும் சற்று யோசித்திருந்தால் எங்களுக்கே விளங்கியிருக்கும். விளங்காத செய்தி வேறொன்று. ஆதிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே செபித்தார்களாம். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று விதித்தது. ஞாயிறு உயிர்ப்பின் நாள் அல்லவா? உயிர்த்தவரோடு எழுந்தவர்கள் நிற்கத்தானே வேண்டும்! முழந்தாளில் இருப்பதே பக்தியின் உச்சம் என்று நினைத்து, கால் மரத்துப்போகும் வரை இருந்து, யார் முதலில் பெஞ்சில் சாய்கிறாள் என்று கடைக்கண்ணால் அளந்தவர்கள் எங்களுள் சிலர். அந்தப் பெருமை அன்றோடு போயிற்று.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி 1960-களின் தொடக்கத்தில் பள்ளிச் சிறுமி. அப்போது பூசை இலத்தீனில் நடக்குமாம். (பாட்டி இன்றும் திருப்பலி என்று சொல்வதில்லை, பூசை என்றுதான் சொல்வார். நாம் பவுல் என்பவர் அவருக்குச் சின்னப்பர், பேதுரு என்பவர் இராயப்பர்.) குரு பீடத்தை நோக்கி நின்று மெல்லிய குரலில் சொல்வதைப் பீடச் சிறுவர்கள் மனப்பாடமாக மறுமொழி சொல்ல, பெண்கள் பாயில் அமர்ந்து செபமாலை உருட்டுவார்களாம். மணி அடித்ததும் நிமிர்ந்து பார்த்து மார்பில் தட்டிக்கொண்டு மீண்டும் செபமாலைக்குத் திரும்புவார்களாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 4-12-1963 அன்று திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 2,147 பேர் ஏற்றனர். எதிர்த்தோர் நால்வர் மட்டுமே. மக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் நமது பீடங்களில் தமிழ் ஒலித்தது. 1969-ஆம் ஆண்டு இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி உரோமை பன்னிரண்டு வழக்கங்களையும் அனுமதித்தது. காலணியைக் கழற்றுவது, தரையில் அமர்வது, எண்ணெய் விளக்கு, ஆரத்தி, கைகூப்பிச் சமாதானம் கூறுவது எல்லாம் அவற்றில் அடங்கும். திருநாளன்று பீடத்தருகே குத்துவிளக்கைக் கண்டு எங்கள் தோழி வியந்தாளே, அதற்கும் விடை கிடைத்தது.

தமிழ் வந்துவிட்டது, உணர்வு வந்ததா என்பதே எங்கள் கேள்வி. பாட்டிக்கு இலத்தீன் புரியவில்லை, ஆனால் ஏதோ பெரியது நடக்கிறது என்ற அச்சம் இருந்தது. எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, அச்சம் இல்லை. இயந்திரம் போல் பதில் சொல்கிறோம். ஒரு நாள் குரு ஒரு வரியைத் தவறுதலாக முன்கூட்டியே சொன்னபோது, நாங்கள் அவருக்கு உரிய பதிலைச் சொல்லாமல் வழக்கமான வரிசைப்படி அடுத்த பதிலைச் சொல்லிவிட்டோம். அவரும் கவனிக்கவில்லை என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல்!

"ஆமென்" என்ற சொல்லை ஒரு திருப்பலியில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ண முயன்று, பாதியில் விட்டுவிட்டோம். அது எபிரேயச் சொல். உறுதி, உண்மை, அப்படியே ஆகட்டும் என்று பொருள்படும். கீழே கையெழுத்திடுவதைப் போன்றது. கி.பி. 155 அளவில் புனித ஜஸ்டின் உரோமையில் எழுதிய நூலில் அக்காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரித்திருக்கிறார். அதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளையும் இறைவாக்கினர் எழுத்துக்களையும் வாசிப்பார்கள். தலைவர் அறிவுரை கூறுவார். எல்லாரும் எழுந்து மன்றாடுவார்கள். அப்பமும் நீர் கலந்த திராட்சை இரசமும் கொண்டுவரப்படும். தலைவர் நன்றி கூறுவார். மக்கள் ஆமென் என்பார்கள். வர இயலாதவர்க்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்வார்கள். நமது முதல் வெள்ளிக்கிழமையேதான்! ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஆண்டுகளாக ஒரே நடை. ஒலிபெருக்கி ஒன்றுதான் புதிது.

அவர் எழுதியதில் ஒரு பகுதியைச் சிஸ்டர் எங்களை இரு முறை படிக்கச் சொன்னார். வசதியுள்ளோர் விரும்பிக் கொடுப்பது தலைவரிடம் சேரும். அவர் அதைக்கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், ஊருக்குப் புதியவர் எல்லாரையும் பராமரிப்பார். காணிக்கை என்பது அவர்களுக்கு இதுதான்.

நமது திருநாள் திருப்பலியின் காணிக்கைப் பவனியை இப்போது நினைத்துப் பாருங்கள். உலக உருண்டை, கூடைப்பந்து, வெற்றிக் கோப்பை, புத்தகம் என்று அலங்கரித்துக் கொண்டு செல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒலிபெருக்கியில் அழகான விளக்கம். திருப்பலி முடிந்ததும் உலக உருண்டை புவியியல் அலமாரிக்கும், பந்து விளையாட்டு ஆசிரியையிடமும் திரும்பிவிடும். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குக் காணிக்கை என்று பெயரா? அடையாளம் தேவை என்று வாதிட்டவர்களும் எங்களுள் உண்டு. ஆனால் அப்பமும் இரசமும் திரும்பி அலமாரிக்குப் போவதில்லையே! அவற்றோடு ஒரு படி அரிசியையாவது எடுத்துச் சென்றால் அது அன்று மாலையே யாருடைய அடுப்பிலாவது கொதிக்கும். இந்த ஆண்டுத் திருநாளுக்கு முன் இதை மதரிடம் கேட்கத் துணிந்தோம். மதர் கோபிக்கவில்லை. யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பாடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் மூவர் பாடகர் குழுவில் இருப்பதால் இது எங்களையே நாங்கள் குறை கூறிக்கொள்வதாகும். புதுப்புது மெட்டுகளைக் கற்றுக்கொண்டு பாடுகிறோம், கீபோர்டு முழங்குகிறது, பெஞ்சுகளில் இருப்பவர்கள் வாய்மூடிக் கேட்கிறார்கள். பாடி முடித்ததும் அம்மாமார் வந்து, "நன்றாயிருந்தது" என்கிறார்கள். கச்சேரிக்குத்தானே அப்படிச் சொல்வோம்? வத்திக்கான் சங்கம் மக்கள் பாடவேண்டும் என்று சொன்ன அதே இடத்தில், உரிய நேரத்தில் புனித மௌனம் வேண்டும் என்றும் சொல்கிறது. நன்மை வாங்கிய பின் இரண்டு நிமிடம் பாட்டில்லாமல் இருந்து பார்க்கலாம் என்பது எங்கள் கருத்து. தந்தையர்க்கும் ஒரு விண்ணப்பம்: மறையுரை தொடங்கியதும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குச் செல்கிறீர்களே, தம்பிமாரும் உங்கள் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள்.

இவையெல்லாம் சிறியவை. எங்களை உண்மையில் உறுத்துவது வேறு.

எங்களில் இருவர் ஜூலை மாதத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. யார் என்பது வகுப்புக்குத் தெரியும். மலருக்குத் தெரிய வேண்டாம். அறிவியல் ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கடன் வாங்கி, மை கொட்டி, மறுத்து, ஆசிரியை முன் ஒருத்தி அழ நேர்ந்த கதை அது. ஐந்து முதல் வெள்ளிகள் இருவரும் ஒரே வரிசையில் இருந்தனர். சமாதானம் கூறும் நேரம் வந்ததும் இருவரும் வலப்பக்கம் கைகூப்புவர், பின்பக்கம் கைகூப்புவர், முன்னால் இருக்கும் சிறுமிகளுக்குப் புன்னகையோடு கைகூப்புவர். நடுவில் இருக்கும் ஒரு முகத்தை மட்டும் கண்கள் தாண்டிச் செல்லும். பின்பு இருவரும் ஒருவர் பின் ஒருவராகச் சென்று நன்மை வாங்குவர். நாங்கள் ஆறு பேரும் இதை ஒவ்வொரு மாதமும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள் என்கிறார் ஆண்டவர். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். மனப்பாடப் போட்டியில் எங்களுள் ஒருத்தி பரிசு வாங்கிய பகுதி! உன் கோபம் தீர்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவனுக்கு உன்மேல் கோபமா என்று கேட்கிறார். நாங்கள் இதுநாள் வரை தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். கொரிந்து நகரத்தாருக்குப் புனித பவுல் எழுதிய முதல் திருமுகத்திலும் கடிந்துரை இருக்கிறது. ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களில் வசதியுள்ளவர் முந்தி உண்டு களிக்க, இல்லாதவர் பசியோடு நின்றனராம். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்கிறார் அவர். சபை இருந்தது, அப்பம் இருந்தது, செபம் இருந்தது. ஆனாலும் வழிபாடு நடக்கவில்லை!

நம் ஊர்களுக்கு இது பழங்கதை அன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்தினுள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்கலாகாது. 1910-ஆம் ஆண்டு அச்சுவர் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதைப் படித்தபோது நாங்கள் கொதித்தோம். "அவர்களுடையது செங்கல் சுவர், உங்களுடையது நோட்டுப் புத்தகச் சுவர்" என்றார் சிஸ்டர். அதற்குமேல் அவர் பேசவில்லை.

டிசம்பர் முதல் வெள்ளியன்று அந்த இருவரில் ஒருத்தி நன்மை வாங்க எழவில்லை. வரிசை நகர்ந்தது, அவள் மட்டும் தலைகுனிந்து பெஞ்சிலேயே இருந்தாள். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தோம். மதியம் கேட்டபோது, "எழ மனம் வரவில்லை" என்றாள். மற்றவள் இரண்டடி தள்ளி அமர்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

இந்து தோழிக்கு நாங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னோம். நிற்பது, அமர்வது, நிசேயா, ஜஸ்டின் என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். "அப்படியானால் அவள் எழாமல் உட்கார்ந்திருந்தாளே, அதற்கு என்ன பொருள்?" என்றாள். திருநாளன்று கேட்ட கேள்விக்குப் போலவே இதற்கும் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆனால் இம்முறை விடை தெரியாததால் அல்ல.

மறு திங்கட்கிழமை காலை, ஒருத்தியின் மேசைமேல் ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது. புதியது. மை கொட்டிய பக்கங்களின் படங்கள் எல்லாம் பென்சிலால் வரையப்பட்டு, பழுப்புத் தாளில் அட்டை போடப்பட்டிருந்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. இருவரும் இன்னும் முன்போல் பேசிக்கொள்வதில்லை. பேசுகிறார்கள், அவ்வளவுதான்.